கருப்பு பெல்ட்டுக்காரியின் பயம்

செரீனா கராத்தேயில் கருப்பு பெல்ட் வாங்கியதுதான் வினையாகப் போயிற்று. அவளைப் புருஷனிடமே திருப்பி அனுப்பிவிடலாம் என்று வீட்டில் முடிவெடுத்தது அதற்குப் பிறகுதான்.

கேட்க கோணலாக இருக்கும். ஆனால் கிள்ளானில், அவளுடைய அப்பா இக்னேஷியஸ் வீட்டில், அதை யாரும் கோணல் என்று நினைக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் பூச்சோங்கில் இருந்த புருஷன் வீட்டை விட்டு ஒரு துணிப்பையோடு வந்து நின்றபோது, "அவர் அடிக்கிறார் டேடி" என்றுதான் செரீனா சொன்னாள். அடிக்கிறவனிடம் எப்படி அனுப்புவது என்று அப்போது எல்லோரும் தயங்கினார்கள். இப்போது அவளே அடிக்கத் தெரிந்தவள் ஆகிவிட்டாள். இனி அவன் எப்படிக் கை வைப்பான்? பெல்ட் கட்டிக்கொண்டு அவள் நின்ற படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, 'மருமகனே ஜாக்கிரதை' என்று ஒரு வரியும் சேர்த்தார் இக்னேஷியஸ். அத்தைமாரும் சித்தப்பாமாரும் சிரிக்கிற பொம்மைகளாக அனுப்பித் தள்ளினார்கள். அவளுடைய புருஷன் லியோனலும் ஒன்று அனுப்பினான்.

அந்த ஒரு பொம்மையைப் பார்த்ததும் செரீனா போனைக் கவிழ்த்து வைத்தாள். பெட்டாலிங் ஜெயாவில், அவள் வேலை பார்க்கும் காப்புறுதி அலுவலகத்தில், கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

லியோனல் திருந்திவிட்டான் என்று பேச்சு. தவக்காலத்தில் ஏதோ தியானக் கூடத்துக்குப் போய் வந்தவன் குடியை விட்டுவிட்டானாம், கோயில் பாடகர் குழுவில் நிற்கிறானாம். அவன் கண்ணை மூடிப் பாடுவதைப் பார்த்து செரீனாவின் அம்மா சாந்தமேரி உருகிப்போனாள். கேஎல்லில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த மகளுக்கு உடனே போன் போட்டாள்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி மாப்ள சாப்பிட வராரு. நீயும் வந்துடு. சாப்பிட்டுட்டு அப்படியே அவர் கார்லயே பூச்சோங் போயிரலாம். உனக்கு என்னாடி பயம் இப்ப? பிளாக் பெல்ட்டு லா!"

வேண்டாம் என்று சொல்ல வாயில்லையா என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். முப்பத்தேழு வயதில் யாரும் கொடுக்காமல் அவளே சம்பாதித்த ஒரே பொருள் அந்த பெல்ட். அதை வாங்கியவள் பயமாக இருக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வாள்? "சரி மம்மி" என்று வைத்துவிட்டாள். நேரில் போய் முடியாது என்று சொல்லிக்கொள்ளலாம், சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கராத்தே வகுப்பு பிரிக்பீல்ட்ஸில், ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் நடந்தது. நடத்துகிறவள் புஷ்பவல்லி. பகலில் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை, செரீனாவை விடச் சின்னவள், வாயும் கொஞ்சம் நீளம். அவளிடம் கறாரான விதி ஒன்று இருந்தது. விடுகிற குத்து எதிராளியின் தோலைத் தொடக் கூடாது. முழு வேகத்தில் போய் மூக்குக்கு ஒரு விரல் முன்னால் நிற்க வேண்டும். தொட்டுவிட்டால் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டு, தோப்புக்கரணமும் போட வேண்டும். வருஷக்கணக்கில் அப்படியே பழகி, செரீனாவின் கை தானாகவே நிற்கக் கற்றுக்கொண்டது.

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் முழங்காலிட்டுக் கண்ணை மூடி உட்காருவார்கள். உதைகளையும் குத்துகளையும் விட அந்த உட்காருதல்தான் செரீனாவுக்குப் பிடித்தது. அதைக் கவனித்துத்தான் புஷ்பவல்லி அவளைப் பக்கத்தில் இருந்த புத்த விகாரைக்குக் கூட்டிப் போனாள். வியாழன்தோறும் மாலையில் அங்கே தியானம். மனசில் எது வந்தாலும் அதைத் துரத்தாதே, பிடித்தும் வைக்காதே, உள்ளுக்குள் அதன் பேரைச் சொல், போதும் என்றார் பிக்கு. பசி வந்தால் பசி. கோபம் வந்தால் கோபம். உட்கார்ந்திருக்கும்போது மட்டுமில்லை, கோப்பை கழுவும்போதும் ரயிலில் நிற்கும்போதும்.

செரீனா அதை அலுவலகத்தில் பழகிப் பார்த்தாள். மேனேஜர் குரலை உயர்த்தினால், படபடப்பு, படபடப்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்வாள். வேலை செய்தது. விகாரைக்குப் போவதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை. சாந்தமேரிக்குத் தெரிந்தால் மகள் தலையில் ஒரு பாட்டில் தீர்த்தத்தைக் கவிழ்த்திருப்பாள்.

ஞாயிறு காலை கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சுபாங் ஜெயா தாண்டியதும் உள்ளங்கை வேர்க்கத் தொடங்கியது. பயம் என்று உள்ளுக்குள் சொன்னாள். ஷா ஆலமில் மூச்சு பாதியிலேயே நின்று நின்று வந்தது. பயம், பயம். பேர் சொல்லச் சொல்ல அது குறையும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, குறையவும் இல்லை. இறங்கி எதிர்ப் பக்கம் போய் அடுத்த ரயிலில் திரும்பிவிடலாமா என்று ஒவ்வொரு நிலையத்திலும் நினைத்தாள். ஒவ்வொரு நிலையத்திலும் கதவு மூடிக்கொண்டது.

கிள்ளான் நிலைய வாசலில் இக்னேஷியஸ் பழைய புரோட்டோன் காரோடு நின்றார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் எப்போதும் தமாஷ். சாவு வீட்டிலும் ஒரு ஓரமாக நாலு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பார்.

"வாடி என் சிங்கம்! கைய கால வெளிய நீட்டாத, ரோட்ல போறவன் பொழச்சிப் போகட்டும்" என்று கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

"டேடி, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு சொல்லு. ஆனா அடிக்காம சொல்லு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் எங்கே சொல்வது? செரீனாவும் சிரித்து வைத்தாள்.

வீட்டில் நெய்ச்சோறும் ஆட்டுக்கறிப் பிரட்டலும் மணத்தன. லியோனல் முன்னாடியே வந்துவிட்டிருந்தான். போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் பெரிய உத்தியோகம், ஆளும் பார்க்க லட்சணம், பேச்சில் தேன். கேக் வாங்கி வந்திருந்தான். எழுந்து நின்று, "செரீனா, எளச்சிட்டியே" என்றான். அந்தக் குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவளை நடுங்க வைத்தது. நல்ல குரலில் ஆரம்பித்த ராத்திரிகள் எத்தனையோ அவளுக்குத் தெரியும்.

சாப்பிட்டார்கள். லியோனல் மாமியார் சமையலைப் புகழ்ந்தான், மாமனாரின் ரயில் கதைகளைக் கேட்டான். முடியாது என்ற ஒரு சொல்லை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு செரீனா சோற்றைப் பிசைந்தாள். இந்த வாய்க்குப் பிறகு சொல்லலாம், ரசத்துக்குப் பிறகு சொல்லலாம். ரசமும் முடிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் காரில் ஏற வேண்டும், ஏறினால் பூச்சோங், பூச்சோங் போனால் கதவு சாத்தப்படும்.

"மாப்ளைக்கு ஒண்ணு காட்டுடி" என்றார் இக்னேஷியஸ். "அந்தக் குத்து. மூஞ்சி கிட்டப் போயி நிக்குமே, அது."

"வேணாம் டேடி."

"அட, காட்டட்டும் மாமா" என்று லியோனல் எழுந்தான். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, முகத்தை முன்னால் நீட்டினான். "எத்தன கோவம் இருக்கோ அத்தனையும் போட்டுக் குத்து. வாங்கிக்கிறேன்."

அவள் எழுந்து நின்றாள். குத்து புறப்பட்டதுகூட அவளுக்குத் தெரியாது. மூக்குக்கு ஒரு விரல் முன்னால் கை அசையாமல் நின்றது. லியோனல்தான் நிற்கவில்லை. "ஐயோ" என்று அலறிக்கொண்டு பின்னால் போய், நாற்காலி தட்டி, ரசக் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

இக்னேஷியஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாந்தமேரிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். லியோனலும் சிரித்தான். சிரித்துக்கொண்டே மேசையில் இருந்த கண்ணாடியை எடுத்து, சட்டை நுனியால் துடைத்தான். மெதுவாகத் துடைத்தான். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம். திரும்ப முதல் பக்கம்.

அந்தத் துடைப்பின் அர்த்தம் செரீனாவுக்கு மட்டும்தான் தெரியும். வெளியே எங்காவது அவமானப்பட்டால், யாராவது அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டால், லியோனல் இப்படித்தான் கண்ணாடி துடைப்பான். ஒரு வார்த்தை கோபமாகப் பேச மாட்டான். வீடு வந்து சேர்கிற வரைக்கும் பாட்டுப் போட்டுக்கொண்டு கார் ஓட்டுவான். இன்றைக்குச் சிரித்தது அவளுடைய அப்பா, அம்மா. அதற்கு யார் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"சாப்பாடு தாப்பாவ் பண்ணி பையில கட்டி வச்சிட்டேன், கெளம்புங்க, மழை வர்றாப்ல இருக்கு" என்றாள் சாந்தமேரி. "உள் ரூம்ல உன் துணியெல்லாம் மடிச்சி வச்சிருக்கேன், எடுத்துக்க."

"நான் தூக்கிட்டு வரேன் அத்த" என்று லியோனல் பின்னாலேயே வந்தான்.

அறைக் கதவை அவன் முழுசாகச் சாத்தவில்லை, ஒருக்களித்துத்தான் வைத்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்தான். கட்டைவிரலை உள்பக்கம் நரம்பின் மேல் வைத்து அழுத்தினான். பழைய இடம்.

"எல்லாம் சிரிச்சாங்கல்ல? நல்லா இருந்திச்சா?" என்றான். குரல் பூப்போல இருந்தது. "வீட்டுக்கு வா. எனக்கும் சொல்லிக் குடு. நானும் பழகிக்கிறேன்."

பிடித்த கையை உதறி எடுப்பது கராத்தேயில் முதல் வாரப் பாடம். சின்னப் பிள்ளைகூடச் செய்யும். செரீனாவின் கை செத்தது போலத் தொங்கியது. கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. புஷ்பவல்லியிடம் நாலு வருஷம் பழகினாள், சரி. அதற்கு முன்னால் பூச்சோங் வீட்டில் அதைவிட அதிக வருஷம் வேறொன்று பழகியிருந்தாள்: அசையாதே, பேசாதே, எதிர்த்துப் பார்க்காதே, சீக்கிரம் முடியும். அதுவும் பயிற்சிதான். தினமும் நடந்த பயிற்சி. உடம்பு எது மூத்ததோ அதைக் கேட்டது.

பெல்ட் எங்கே போயிற்று? மூச்சு எங்கே போயிற்று? ஒன்றும் இல்லை. மிச்சமிருந்தது ஒரு சொல்தான். பயம் என்று உள்ளுக்குள் சொன்னாள். பயம்.

அவன் விரல் இன்னும் அழுத்தியது.

"பயம்" என்றாள்.

உள்ளுக்குள் சொல்ல வேண்டியதை வெளியே சொல்லிவிட்டாள். விகாரையில் இப்படிச் செய்திருந்தால் எல்லோரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவளுக்கே ஒரு கணம் யார் பேசியது என்று விளங்கவில்லை.

"என்னா?" என்றான் லியோனல்.

"பயம்." இந்த முறை கொஞ்சம் பெரிதாக வந்தது. "பயமா இருக்கு. எனக்கு பயமா இருக்கு."

"ஏய், மெதுவா..."

"பயமா இருக்கு! பயமா இருக்கு! பயமா இருக்கு!"

நிறுத்த முடியவில்லை. கராத்தே வகுப்பில் குத்தோடு சேர்த்துக் கத்தச் சொன்னால் வெட்கப்பட்டு முனகுகிறவள் அவள். இப்போது அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அந்தச் சின்ன வீட்டில் அது எல்லாச் சுவரிலும் மோதியது. இக்னேஷியஸும் சாந்தமேரியும் ஓடி வந்து கதவைத் தள்ளினார்கள்.

லியோனல் சட்டென்று கையை விட்டான். முகம் பழையபடி சிரித்தது. "சும்மா வெளையாடிக்கிட்டு இருந்தோம் மாமா. உங்க மவளப் பாருங்க, பிளாக் பெல்ட்டு வாங்கிட்டு பயமா இருக்காம்!"

நல்ல தமாஷ்தான். எப்போதும் இந்த மாதிரிப் பேச்சுக்கு முதலில் சிரிக்கிறவர் இக்னேஷியஸ். லியோனல் அவருடைய சிரிப்புக்காகக் காத்திருந்தான். இக்னேஷியஸ் மகளின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் பதிந்த இடம் வெளுத்து, அதைச் சுற்றிச் சிவந்து கொண்டிருந்தது.

"நீங்க கெளம்புங்க, லியோனல்" என்றார். அவனைப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை.

லியோனல் அவரை நெருங்கி நின்று குனிந்து பார்த்தான். "என்னா சொன்னீங்க மாமா?"

இக்னேஷியஸ் பின்னால் நகர்ந்தார். முதுகு நிலைச்சட்டத்தில் இடித்தது. அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "கெளம்புங்கன்னு சொன்னேன்."

அதற்குள் சாந்தமேரி வாசலுக்கு ஓடிவிட்டாள். இரும்புக் கதவை அகலத் திறந்து போட்டு, எதிர் வீட்டில் கார் கழுவிக்கொண்டிருந்த கமலநாதனை, "அண்ணே, அண்ணே, இங்க கொஞ்சம் வாங்களேன்" என்று தெருவே கேட்கும்படி கூப்பிட்டாள். அவர் குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றார். வெளி ஆள் ஒருவர் முன்னால் லியோனல் எப்போதும் ரொம்ப நல்லவன். சட்டையை நீவிவிட்டுக்கொண்டான், கமலநாதனுக்கு வணக்கம்கூடச் சொன்னான். காரில் ஏறும் முன், வாசல் வரை வந்த செரீனாவுக்கு மட்டும் கேட்கும்படி, "பிரிக்பீல்ட்ஸ்ல எந்த மாடின்னு எனக்குத் தெரியும்" என்றான்.

கார் போன பிறகும் யாரும் உட்காரவில்லை. தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் மூன்று தலைகளும் திரும்பின. சாந்தமேரி கதவைப் பூட்டிவிட்டு, பூட்டியாயிற்றா என்று மறுபடி போய் இழுத்துப் பார்த்தாள்.

"ஏன்டி இத்தன நாளு சொல்லல?" என்று அழுதாள்.

"அடிக்கிறாருன்னு சொன்னேன் மம்மி. அப்பவே சொன்னேன்."

"அடிக்கிறது சரி... இவ்வளவு பயம்னு சொல்லலியே."

செரீனாவுக்குக் கோபமாக வந்தது. அடிக்கிறான் என்றால் பயமாக இருக்கும் என்று தனியாகவேறு சொல்ல வேண்டுமா?

இக்னேஷியஸ் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"எனக்கும் அவனக் கண்டா பயம்மா" என்றார். "கல்யாணத்தன்னிக்கு மண்டபத்துக்குப் பின்னால, சாப்பாடு பரிமாற வந்த ஆள அவன் தனியாப் புடிச்சி வச்சிருந்தான். சத்தமே போடல. அந்த ஆள் மூஞ்சி இன்னும் என் கண்ணுலயே நிக்கிது. அன்னையிலேர்ந்து நான் அவன்கிட்ட சிரிச்சிக்கிட்டேதான் பேசறேன். நான் சிரிச்சா அவன் கோவப்பட மாட்டான்னு."

பூச்சோங்கில் செரீனாவும் அதையேதான் செய்தாள். அப்பாவிடமிருந்துதான் வந்ததோ என்னவோ.

"அப்ப ஏன் டேடி என்னைய அனுப்பப் பாத்தீங்க?"

"நீ என்னைய மாதிரி இல்லன்னு நெனச்சேன்." மகளின் மணிக்கட்டை மறுபடி பார்த்தார். "படத்துல அப்படி நின்னியா... ஒனக்கு பயமே கெடையாதுன்னு நெனச்சிட்டேன். எனக்கு முடியாததெல்லாம் நீ செஞ்சிருவன்னு."

அவரைத் திட்ட வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் ஒன்றாக வந்தது. இரண்டையும் அவள் செய்யவில்லை. பூக்கடைக்கு மேலே இருந்த கராத்தே அறையையும் அதற்கு ஏறும் இருட்டுப் படியையும் நினைத்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. அடிக்கட்டும் என்று விட்டாள்.

"போலீஸ் ஸ்டேஷன் போவணும் டேடி. இப்பவே."

"நீ போறியா?"

"நீங்களும் வரணும்."

"எனக்கு கையெல்லாம் நடுங்குதும்மா."

"எனக்கும்தான். மெதுவா ஓட்டுங்க."

மூன்று பேரும் போனார்கள். மழை பிடித்துக்கொண்டது. பின்னால் லியோனலுடைய காரின் நிறத்தில் ஒரு கார் வந்தபோது இக்னேஷியஸ் ஓரமாக ஒதுங்கி நின்று அதைப் போகவிட்டார். அது வேறு யாரோ.

போலீஸ் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் தலைத்துணி அணிந்த ஒரு மலாய்க்காரப் பெண் போலீஸ் உட்கார்ந்திருந்தாள். என்ன விஷயம் என்று கேட்டாள். எங்கே தொடங்குவது? கல்யாணத்திலிருந்தா, கட்டைவிரலிலிருந்தா? செரீனா சிவந்த மணிக்கட்டை மேசை மேல் வைத்தாள்.

"சாயா தாகுத்" என்றாள். பயமாக இருக்கிறது என்பதற்கு மலாயில் அவ்வளவுதான். கொச்சை இல்லாமல், தலைகுனியாமல் சொன்னாள்.

அந்தப் பெண் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு செரீனாவுக்குப் பின்னால் ஈரச் சட்டையோடு நின்ற பெரியவரைப் பார்த்து, அங்கிளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள்.

இக்னேஷியஸ் ஒரு அடி முன்னால் வந்தார்.

"சாயா ஜூகா" என்றார். எனக்கும்தான்.

அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.